வாழைக்கும் ஒரு டெங்கு: முடிக்கொத்து நோயின் கதை

1/ டெங்கு எதனால பரவுதுன்னு கேட்டா சின்னப் பிள்ளையும் கொசுன்னு சொல்லிடும். வாழைக்கும் அப்படி ஒரு வைரஸ் இருக்குங்க. ஜெயமங்கலம், பெரியகுளம் பக்கம் வாழை போடுறவங்க கொஞ்சம் பொறுமையா படிங்க. #த்ரெட்

2/ முடிக்கொத்து நோய். இலை குறுகி, விறைச்சு, உச்சியில கொத்தா நிற்கும். இளங்கன்னுல வந்தா தார் தள்ளாது. முதல் பதிவு 1889, ஃபிஜி தீவு. 1913-ல இலங்கை, ஆஸ்திரேலியா. 1920-கள்ல ஆஸ்திரேலியாவுல தோட்டம் தோட்டமா அழிஞ்சுது.

3/ 1897-ல செகந்திராபாத்ல ரொனால்ட் ராஸ் கொசு வயித்துக்குள்ள மலேரியாவைக் கண்டுபிடிச்சார். வாழைக்கு அந்த வேலையைச் செஞ்சவர் ஆஸ்திரேலியாவின் மேகி. இது வைரஸ், இதைச் சுமக்கிறது வாழை அசுவினின்னு 1920-கள்ல நிரூபிச்சார்.

4/ அசுவினி சில மணி நேரமாவது சாறு உறிஞ்சினாதான் வைரஸ் ஏறும். குடல் சுவரைத் தாண்டி, பூச்சியோட உடம்புத் திரவத்துல கலந்து, உமிழ்நீர்ச் சுரப்பிக்குப் போகும். அடுத்த மரத்துல வாய் வைக்கும்போது எச்சிலோட இறங்கும்.

5/ டெங்கு வைரஸும் இதே வழிதான் போகும். ஆனா அது கொசுவுக்குள்ள பெருகும். வாழை வைரஸ் அசுவினிக்குள்ள பெருகுறதில்லை, சவாரி மட்டும்தான். தாய்ப்பூச்சி குட்டிக்குக் கொடுக்கிறதும் இல்லை. ஆனா ஒருதடவை ஏறினா நாள்கணக்கா இறங்காது.

6/ இந்தியாவுக்கு 1940 வாக்குல, இலங்கையில இருந்து கேரளா வழியா வந்ததுன்னு சொல்றாங்க. அசுவினி ரொம்ப தூரம் பறக்காது. ஊர்விட்டு ஊர் கொண்டுபோனது கன்னு வாங்கி வித்த நாமதான்.

7/ நமக்கு வடக்கே தெரியுற மலைத்தொடரையே பாருங்க. கீழ்ப்பழனி மலையில சுமார் 18,000 ஹெக்டேர் இருந்த மலைவாழை, இந்த நோயால 2,000 ஹெக்டேர் அளவுக்குச் சுருங்கிச்சு. பழனி பஞ்சாமிர்தத்துக்குப் போற விருப்பாச்சிப் பழம் அதுல ஒண்ணு!

8/ மருந்து கிடையாது. ஆஸ்திரேலியா மீண்டது ரெண்டே விஷயத்தால: நோய்மரத்தை அழிச்சது, சுத்தமான கன்னு நட்டது.

9/ நீங்க செய்ய வேண்டியதும் அதேதான். முதல்ல மருந்தடிச்சு அசுவினியைக் கொல்லுங்க. அப்புறம் கிழங்கோட தோண்டி அழிங்க. சும்மா வெட்டிப் போட்டா பூச்சி பக்கத்து மரத்துக்கு ஏறிடும், கிழங்கும் மறுபடி துளிர்க்கும்.

10/ கன்னு வாங்கும்போது தாய்மரத்தைப் பார்த்து வாங்குங்க. திசு வளர்ப்புக் கன்னுன்னா வைரஸ் பரிசோதனை ஆச்சான்னு கேளுங்க. டெங்குக்குத் தண்ணித்தொட்டியை மூடுறோம்ல, வாழைக்கு இதுதான் அது. விவசாயம் பார்க்கிற சொந்தக்காரங்களுக்கு அனுப்பி விடுங்க 🙏