சட்டைக்குள் தைத்த தாள்

அடைபட்ட நீர்மத்தின் ஓரிடத்தில் அழுத்தம் கொடுத்தால், அது எல்லாப் பக்கங்களிலும் ஒத்த அளவில் பரவும் என்பது பாஸ்கல் விதி. மாணவப் பருவத்தில் அதனை நானும் நெட்டுருச் செய்தேன். விதிக்கு உரியவர் எப்படி வாழ்ந்தார் என்று அந்நாளில் நான் கேட்டதில்லை, எவரும் சொன்னதுமில்லை. பல ஆண்டுகள் கழித்து அவருடைய வரலாற்றைப் படித்தபோது, அவர் விட்டுச் சென்ற ஒரு தாள் என் உள்ளத்தைப் பெரிதும் கவர்ந்தது. அத்தாளைப் பற்றியே இன்று உங்களிடம் பேச விரும்புகிறேன்.

பிளேஸ் பாஸ்கல் 1623-ஆம் ஆண்டு பிரெஞ்சு நாட்டிலே பிறந்தார். வரி அலுவலரான தந்தை கணக்குகளோடு போராடுவதைக் கண்டு, இருபது வயது நிரம்புமுன்பே கணக்கிடும் பொறி ஒன்றை அமைக்க முற்பட்டார். 1648-இல் தம் தமக்கையின் கணவரைப் பாதரசக் குழாயுடன் ஒரு மலைமீது ஏறச் செய்தார். உயரம் மிக மிகப் பாதரசத்தின் மட்டம் தாழ்ந்தது. காற்றின் எடையே பாதரசத்தைத் தாங்குகிறது என்பது உறுதியாயிற்று. சோதித்துப் பாராமல் எதனையும் ஏற்பவர் அல்லர் அவர் என்பதற்காகவே இவற்றைக் கூறினேன்.

1662-இல் அவர் இறந்த சில நாட்களுக்குப் பின், அவருடைய மேற்சட்டையின் ஒரு பகுதி தடித்திருப்பதைப் பணியாள் ஒருவன் தற்செயலாகக் கண்டான். தையலைப் பிரித்தபோது, மடித்த தோல்தாள் ஒன்றும் அதனுள்ளே ஒரு காகிதமும் இருந்தன. இரண்டிலும் ஏறக்குறைய ஒரே செய்தி. உயிரோடிருந்த காலத்தில் அதனைக் குறித்து அவர் எவரிடமும் பேசியதாகச் சான்று இல்லை. நம் நாட்டுத் தேவார ஆசிரியர்கள் தாம் பெற்ற அனுபவத்தைத் தலந்தோறும் சென்று வாய்விட்டுப் பாடினார்கள். இவரோ எட்டாண்டுகள் அதனை நெஞ்சோடு ஒட்டி மறைத்து வைத்திருந்தார்.

1654 நவம்பர் 23, திங்கட்கிழமை, இரவு ஏறத்தாழப் பத்தரை மணி முதல் பன்னிரண்டரை மணி வரை என்று அத்தாள் தொடங்குகிறது. ஆய்வுக்கூடத்துக் குறிப்பைப் போல நாளும் நேரமும் முதலில் இடம்பெறுகின்றன! அடுத்து, நெருப்பைக் குறிக்கும் ஒரே சொல் தனி வரியாக நிற்கிறது. அறிஞர் தருக்கத்தால் நிறுவும் கடவுளைத் தாம் காணவில்லை என்றும், தம் வேதத்து முன்னோர் வழிபட்ட இறைவனையே உணர்ந்ததாகவும் பாஸ்கல் எழுதுகிறார். ஆனந்தக் கண்ணீரைக் குறிப்பிடுகிறார். அவ்விறைவனை விட்டுத் தாம் விலகியிருந்ததற்கு வருந்துகிறார். வாக்கியங்கள் முற்றுப்பெறாமல் சிதறிக் கிடக்கின்றன.

அவ்விரவுக்குச் சற்று முன் வண்டி விபத்தில் சிக்கிப் பிழைத்த அதிர்ச்சியே இதற்குக் காரணம் என்பர் சிலர். அக்கதைக்குப் போதிய ஆதாரமில்லை. நோயால் வந்த மயக்கம் என்பர் வேறு சிலர். அவர் நெடுங்கால நோயாளி என்பது மெய்தான். நோயே காரணமெனில், எத்தனையோ நோயிரவுகளுள் இவ்வோர் இரவை மட்டும் அவர் சட்டைக்குள் தைத்து வைத்தது ஏன்? அவர் கண்டது மெய்யோ பொய்யோ என்று தீர்ப்புக் கூற வரலாற்று மாணவனாகிய எனக்கு உரிமையில்லை. அதன்பின் அவர் நடந்த நடையைத்தான் நான் பார்க்க முடியும்.

மறு ஆண்டே, தம் தங்கை ஜாக்குலின் துறவு பூண்டிருந்த போர்ட் ராயல் மடத்தினரை அவர் நெருங்கினார். அவர்களுக்குத் தீங்கு நேர்ந்தபோது புனைபெயரில் கடிதங்கள் எழுதி வாதாடினார். கணிதத்தை முற்றும் துறந்தாரல்லர்; 1658-இலும் வளைகோடுகளை ஆராய்ந்தார். இறுதி நாட்களில் ஓர் ஏழைக் குடும்பத்துக்குத் தம் இல்லத்தில் இடமளித்திருந்தார். அக்குடும்பத்துக் குழந்தைக்கு அம்மை கண்டது. குழந்தையை வெளியேற்ற மனமின்றி, நோயுற்றிருந்த பாஸ்கல் தாமே வீட்டை விட்டுத் தமக்கையின் வீட்டுக்குப் போனார். 1662 ஆகஸ்டு 19-ஆம் நாள், தம் முப்பத்தொன்பதாம் வயதில், அங்கேயே உயிர் நீத்தார்.