வத்திராயிருப்பு தந்த விஞ்ஞானி

மதுரைக்குத் தென்மேற்கே, மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்தில் வயல்கள் சூழ அமைந்த ஊர் வத்திராயிருப்பு. இயற்பியல் அறிஞர் கே. எஸ். கிருஷ்ணன் 1898 டிசம்பர் 4ஆம் நாள் பிறந்தது அவ்வூரிலேயே. பிராமணக் குடும்பத்தில் தோன்றிய ஒருவரின் வரலாறு நம் வெள்ளி விழா மலரில் எதற்கு என்று சிலர் வினவக்கூடும். அவர் ஏறிய படிகளை நம் இளைஞர்கள் ஒவ்வொன்றாக எண்ணிப் பார்க்க வேண்டும் என்பதற்காகவே எழுதுகிறோம்.

முதற்படி பள்ளி. வத்திராயிருப்பிலும் திருவில்லிபுத்தூரிலும் பயின்ற அவர், பள்ளி ஆசிரியர் ஒருவரைப் பிற்காலத்தில் நன்றியுடன் நினைவுகூர்ந்தார். அவ்வாசிரியர் விஞ்ஞானத்தில் தனிப்பயிற்சி பெற்றவர் அல்லர். ஆர்வமும் தெளிவாக விளக்கும் ஆற்றலும் உடையவர். அடுத்து மதுரை அமெரிக்கன் கல்லூரி. அதன்பின் சென்னைக் கிறித்தவக் கல்லூரி. அங்கேயே இரசாயனப் பிரிவில் டெமான்ஸ்ட்ரேட்டராகப் பணியாற்றியபோது, நண்பகல் உணவு இடைவேளையில் அவர் நடத்திய கலந்துரையாடலுக்குப் பிற கல்லூரி மாணவரும் வந்தனர். எவரும் வந்து எதனையும் கேட்கலாம் என்பது அதன் சிறப்பு.

பின்னர் கல்கத்தா சென்று சி. வி. இராமனிடம் ஆய்வில் ஈடுபட்டார். 1928 பிப்ரவரியில் அவர்கள் செய்த சோதனை எளிமையானது. சூரிய ஒளியை நீலஊதாக் கண்ணாடி வழியே செலுத்தித் தூய திரவத்தில் பாய்ச்சினர். அந்நிறத்தை முற்றும் தடுக்கும் மற்றொரு கண்ணாடி வழியே திரவத்தை நோக்கினர். நிறம் மாறாதிருப்பின் ஒன்றுமே தெரியலாகாது. ஆனால் ஒளித்தடம் தெரிந்தது! ஏறத்தாழ 60 திரவங்களில் இவ்வாறு கண்டனர். ‘நேச்சர்’ இதழில் வந்த முதற் குறிப்பில் இருவர் பெயரும் உள்ளன. 1930இல் நோபல் பரிசு இராமனுக்கு மட்டுமே கிடைத்தது. கிருஷ்ணனின் உழைப்பு போதிய அளவு பேசப்படவில்லை என்பதே எம் கருத்து.

அதே 1928இல், கிருஷ்ணன் பயின்ற மதுரையில், மீனாட்சியம்மன் கோயிலுக்குள் நம்மவர் கால் வைக்க இயலாது. வைத்தியநாத ஐயர் தலைமையில் கக்கன் உள்ளிட்டோர் உள்ளே சென்றது 1939 ஜூலை 8இல். அதற்கு அடுத்த ஆண்டு கிருஷ்ணன் இலண்டன் ராயல் சொசைட்டியின் உறுப்பினரானார்.

கல்லூரி வாயிலைக் கடந்தோர்க்கும் இடர் தீர்ந்ததா? டாக்கா அருகே சிறுகடைக்காரரின் மகனாகப் பிறந்த மேகநாத் சாகா, விண்மீன்களின் ஒளியிலிருந்து அவற்றின் வெப்பத்தை அறிய உதவும் சமன்பாட்டை 1920இல் அளித்தவர். கல்கத்தாவில் மாணவராயிருந்தபோது, தாழ்ந்த சாதியார் என்று கூறி உடன் அமர்ந்து உண்ண மறுத்தனர் விடுதித் தோழர்கள். திறமைக்குக் குறைவில்லை, பந்தியில்தான் இடமில்லை.

பள்ளியிறுதிக்கு மேல் பயிலும் நம் மாணவர்க்கு மைய அரசின் உதவித்தொகை தொடங்கியதே 1944இல்தான். கிருஷ்ணன் அப்போது அலகாபாத்தில் பேராசிரியர். 1947இல் தில்லித் தேசிய பௌதிக ஆய்வகத்தின் முதல் இயக்குநரானார். 1954இல் பத்மபூஷண் விருது பெற்றார்; பட்நாகர் பரிசை முதன்முதலில் பெற்றவரும் அவரே. 1961 ஜூனில் மறைந்தார். இத்துணை உயர்ந்தும் தமிழை மறவாது, விஞ்ஞானக் கட்டுரைகளைத் தமிழிலேயே எழுதினார். அவற்றைத் தேடிப் படிக்க ஆங்கிலம் வேண்டுவதில்லை.