தேவன்: எள்ளாத நகைச்சுவை



அமெரிக்கப் பள்ளிகளில் மார்க் டுவைனின் நூல்கள் நெடுங்காலமாகப் பாடமாக இருந்து வருகின்றன. நமக்கோ நகைச்சுவை என்றதும் திரைப்படக் காட்சிகளே நினைவுக்கு வருகின்றன. அவற்றுள் பாதி ஒருவரது நிறத்தையோ உருவத்தையோ பழிப்பவை. ஜொகூர் பாருவில் நான் காணும் வகுப்புகளில் மாணவர்கள் அதையே பழகிக்கொண்டு தோழர்கள்மீது ஏவுகின்றனர். ஆதலால் தேவனைப் பற்றி எழுத விழைந்தேன்.

ஆர். மகாதேவன் என்னும் இயற்பெயருடைய தேவன் 1913 செப்டம்பர் 8ஆம் நாள் திருவிடைமருதூரில் பிறந்தார். கும்பகோணம் அரசினர் கல்லூரியில் பட்டம் பெற்றபின் சில காலம் ஆசிரியராகப் பணியாற்றினார் (நம்மவர்தாம்!). 'மாஸ்டர் ராஜாமணி' என்னும் குறும்புக்காரச் சிறுவனைப் படைத்து ஆனந்த விகடனில் இடம்பெற்றார். கல்கி அவ்விதழை விட்டு விலகி 1941இல் தம் பெயரிலேயே இதழ் தொடங்கினார். 1942இல் நிர்வாக ஆசிரியரான தேவன், 1957 மே 5ஆம் நாள் 43 வயதில் மறையும்வரை அப்பொறுப்பில் இருந்தார்.

நகை பிறக்கும் நிலைக்களன்களாகத் தொல்காப்பியம் எள்ளல், இளமை, பேதைமை, மடன் என நான்கைக் கூறுகிறது. ராஜாமணியில் இளமையைக் கண்ட தேவன், 'துப்பறியும் சாம்பு'வில் பேதைமையைக் கண்டார். சாம்பு வங்கிக் குமாஸ்தா, அசடு என்று பெயரெடுத்தவர், வேலையையும் இழக்கிறார். அவர் தட்டுத் தடுமாறிச் செய்வதெல்லாம் குற்றவாளியைக் காட்டிக் கொடுக்கிறது. இன்ஸ்பெக்டர் கோபாலனோ அதனை மேதைமை என்றே நம்புகிறார். நாம் வயிறு குலுங்கச் சிரிக்கிறோம். ஆயினும் சாம்பு தோற்றுவிடக் கூடாதே என்றும் தவிக்கிறோம். எள்ளல் எழுத்தில் இத்தவிப்பு எழுவதில்லை. என் கணிப்பில் தேவனின் பெருமை முழுதும் இதில்தான் இருக்கிறது.

நீதிமன்ற விசாரணையை நாவலாக்கிய 'ஜஸ்டிஸ் ஜகந்நாத'னும் சிறந்ததே; எனினும் அது பெரியவர்களுக்கானது.

ஓர் இடர்ப்பாடு உண்டு. தேவனின் பாத்திரங்கள் பேசுவது தஞ்சை, சென்னை அந்தணர் வீட்டுத் தமிழ். 'அத்திம்பேர்' என்றால் நம் பிள்ளைகள் விழிப்பர். அதற்காக உரையாடலைத் திருத்திக் கொடுப்பதில் எனக்கு உடன்பாடில்லை, சுவை போய்விடும். ஐந்தாம், ஆறாம் ஆண்டு மாணவர்களுக்கு ஆசிரியரே ஒரு கதையை வாசித்துக் காட்டி, சொற்பொருளை இடையிடையே சொல்லிச் செல்லலாம். கோபுலுவின் ஓவியங்களோடு வந்த சாம்பு படக்கதை கிடைத்தால் அதிலிருந்தே தொடங்குங்கள்.