எதிரணியை நோட்டம் பார்த்தல்: அமெரிக்கக் கல்லூரிக் கால்பந்தின் ஒரு துணைத்தொழில் வரலாறு

அமெரிக்கக் கல்லூரிகளில் ஆடப்படும் கால்பந்தில், இரு முனையும் கூம்பிய பந்தைக் கையில் ஏந்தி ஓடியோ முன்னோக்கி எறிந்தோ எதிரணியின் எல்லைக்கோட்டைக் கடப்பதே நோக்கம். காலால் உதைப்பதற்கு அதில் சிறு இடமே உண்டு. இந்த ஆட்டம் சில நொடிகள் பாய்ந்து, நின்று, மீண்டும் பாய்கிறது. ஒவ்வொரு பாய்ச்சலுக்கும் முன்னால் 11 பேர் கொண்ட இரு அணிகளும் எதிரெதிரே வரிசை கட்டி நிற்கின்றன. அந்த நிறுத்தத்தில் திட்டம் தீட்டப்படுகிறது. திட்டத்தோடு ஆடுபவரின் திட்டத்தை முன்கூட்டியே அறிந்துகொள்ள முடியும் என்பதால், அடுத்த வாரம் மோதவிருக்கும் அணியை இந்த வாரமே சென்று கண்டு, அதன் பழக்கங்களைக் குறித்துவரும் தொழில் ஒன்று இந்த ஆட்டத்தின் நிழலிலேயே வளர்ந்தது. படைக்கு முன்னே சென்று பகைவரின் நிலையறிந்து வருபவரைக் குறிக்கும் 'ஸ்கவுட்' என்ற ராணுவச் சொல்லையே அமெரிக்கர்கள் இத்தொழில் செய்வோருக்கும் இட்டனர். தமிழில் அதை 'வேவு' என்று பெயர்த்தால் கரவின் சாயல் ஏறிவிடும். நாணயத்தைத் தட்டிப் பார்த்து நல்லதா செல்லாததா என்று சொன்னவருக்கு நம்மிடையே வழங்கிய 'நோட்டக்காரர்' என்ற பழம்பெயர் இவர்களுக்குப் பொருந்தும். ஆயினும் இத்தொழிலின் நூற்றாண்டு வரலாறு முழுவதும் நோட்டம் எங்கே முடிகிறது, வேவு எங்கே தொடங்குகிறது என்ற வழக்கைச் சுற்றியே நடந்திருக்கிறது.

1869 நவம்பர் 6 அன்று நியூ ஜெர்சியின் நியூ பிரன்சுவிக் நகரில் ரட்கர்ஸ் கல்லூரியும் பிரின்ஸ்டன் கல்லூரியும் மோதி, ரட்கர்ஸ் 6–4 என்று வென்ற ஆட்டமே கல்லூரிகளுக்கிடையிலான முதல் கால்பந்தாட்டமாகக் கணக்கிடப்படுகிறது. அணிக்கு 25 பேர் என்று கும்பலாகப் பந்தைத் துரத்திய அந்த ஆட்டத்தில் நோட்டம் பார்ப்பதற்குப் பெரிதாக எதுவும் இல்லை. நிலைமையை மாற்றியவர் யேல் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த வால்டர் கேம்ப். அவர் முன்மொழிந்து 1880-ல் ஏற்கப்பட்ட விதி, பந்து ஒரே அணியின் கையில் இருக்க, இரு அணிகளும் ஒரு கற்பனைக் கோட்டின் இருபுறமும் நின்று ஒவ்வொரு பாய்ச்சலையும் தொடங்கும் முறையைக் கொண்டுவந்தது. 1881-ல் யேலும் பிரின்ஸ்டனும் ஆளுக்கு ஒரு பாதி நேரம் பந்தை விடாமல் கட்டிப்பிடித்துக்கொண்டு பார்வையாளரின் பொறுமையைச் சோதித்ததால், மூன்று முயற்சிகளுக்குள் 5 கஜம் முன்னேறாவிட்டால் பந்தை விட்டுக்கொடுக்க வேண்டும் என்ற விதி 1882-ல் சேர்ந்தது. 'டவுன்' என்று பெயர் பெற்ற இந்த முயற்சிகளின் எண்ணிக்கையும் கடக்க வேண்டிய தூரமும் பின்னர் மாறி, 1912 முதல் நான்கு டவுன், 10 கஜம் என்று நிலைத்தன. நோட்டக்காரருக்கு வாய்த்த முதல் மூலதனம் இந்த விதிதான்: மூன்றாவது டவுனில் 2 கஜம் மட்டும் பாக்கியிருக்கும்போது ஓர் அணி என்ன செய்கிறது, 8 கஜம் பாக்கியிருக்கும்போது என்ன செய்கிறது என்று எண்ணிப் பட்டியலிட முடிந்தவுடன், பழக்கம் என்பது கணக்காயிற்று.

நோட்டம் இல்லாத காலத்தில் ஒரு ரகசியத்துக்கு எவ்வளவு மதிப்பு இருந்தது என்பதற்கு 1892 நவம்பரில் ஸ்பிரிங்ஃபீல்டில் நடந்த ஹார்வர்டு–யேல் ஆட்டம் சான்று. கால்பந்தே ஆடியிராதவரும் நெப்போலியனின் போர்முறைகளில் ஊறியவருமான லோரின் டிலாண்ட், ஹார்வர்டு வீரர்களை இரு பிரிவாக ஓடவிட்டு, அவர்கள் ஆப்பு வடிவில் ஒன்றுசேர்ந்து எதிராளி ஒருவர் மீது பாயும் உத்தியை மறைவாகப் பயிற்றுவித்தார். இரண்டாம் பாதியின் தொடக்கத்தில் அது களத்தில் இறங்கியபோது யேல் வீரர்கள் திகைத்தார்கள். எனினும் ஆட்டத்தை யேலே 6–0 என வென்றது. அடுத்த பருவத்தில் நாடெங்கும் அணிகள் அதைப் பின்பற்றின. காயங்கள் பெருகவே 1894-ல் அது தடைசெய்யப்பட்டது. ஒளித்துவைத்த உத்தியை ஒருமுறை காட்டியவுடன் அது ஊர்ச்சொத்தாகிவிடுகிறது என்பதைப் பயிற்சியாளர்கள் அப்போது கற்றார்கள். பயிற்சி மைதானங்களைச் சுற்றி வேலிகளும் காவலும் எழுந்தன.

அதே ஆண்டுகளில் வாஷிங்டன் நகரிலுள்ள, காதுகேளாதோருக்கான காலடெட் கல்லூரியில் வேறொரு சிக்கல் எழுந்தது. அணியை நடத்தும் 'குவாட்டர்பேக்' எனப்படும் வீரர் அடுத்த பாய்ச்சலைச் சைகை மொழியில் சொல்ல, எதிரணியும் காதுகேளாதோர் பள்ளியைச் சேர்ந்ததாக இருந்தால், அவர்களும் அதைப் படித்துவிட்டார்கள். எனவே பால் ஹப்பார்டு என்ற குவாட்டர்பேக் தம் அணியினரை வட்டமாகக் குனிந்து நிற்கச் செய்து, வட்டத்தின் நடுவில் சைகை காட்டினார் என்று சொல்லப்படுகிறது. 'ஹடில்' என்ற அந்த வட்டம் பின்னர் கேட்கும் திறன் உள்ளவர்களின் அணிகளுக்கும் பொதுவழக்காயிற்று. அந்த வட்டத்தைக் கைவிட்டதன் விளைவை நூறாண்டுகளுக்குப் பின்வந்த பயிற்சியாளர்கள் விலை கொடுத்துக் கற்றார்கள். அதைப் பின்னர் காணலாம்.

முன்னோக்கி எறிதல் 1906-ல் அனுமதிக்கப்பட்ட பிறகு உத்திகள் பல்கின. நோட்டக்காரரை அனுப்புவது முன்னேறிய அணிகளின் வழக்கமாக இறுகியது. மரியாதை அறிந்த ஓர் ஏற்பாடாகவே அது நடந்தது என்பது கவனிக்கத்தக்கது: நோட்டக்காரர் ஒளிந்து வரவில்லை, பத்திரிகையாளர் மாடத்தில் அவருக்கு இடம் ஒதுக்கினார்கள், அவரும் குறிப்பேட்டை விரித்துவைத்து எழுதினார். பயிற்சியை எட்டிப்பார்ப்பது இழிவு, ஆட்டத்தைப் பார்ப்பது தகும் என்ற எல்லையைப் பெரும்பாலோர் ஏற்றிருந்தனர்.

எடைபோடும் இக்கலையின் வரலாற்றில் மிக அதிகம் பேசப்படும் தோல்வி 1926 நவம்பர் 27 அன்று நிகழ்ந்தது. நோட்ர டேம் பல்கலைக்கழகத்தின் புகழ்பெற்ற பயிற்சியாளர் நூட் ராக்னி, அன்று பிட்ஸ்பர்க்கில் கார்னெகி டெக் அணியோடு தம் அணி ஆடவிருந்த ஆட்டத்தை உதவியாளர் ஹங்க் ஆண்டர்சனிடம் ஒப்படைத்துவிட்டு, சிகாகோவின் சோல்ஜர் ஃபீல்டு அரங்கில் நடந்த ராணுவக் கல்லூரி–கடற்படைக் கல்லூரி ஆட்டத்தைக் காணச் சென்றார். அடுத்த ஆண்டு முதன்முறையாக மோதவிருந்த கடற்படை அணியை நேரில் பார்க்கச் சென்றார் என்பது அதற்குச் சொல்லப்படும் காரணங்களுள் ஒன்று. அதுவரை அப்பருவத்தின் எட்டு ஆட்டங்களிலும் வென்று, மொத்தம் 7 புள்ளிகளை மட்டுமே எதிரணிகளுக்கு விட்டுக்கொடுத்திருந்த நோட்ர டேம், கார்னெகி டெக்கிடம் 0–19 என வீழ்ந்தது. அந்த எதிரணியின் பயிற்சியாளர் வால்டர் ஸ்டெஃபன் சிகாகோவில் நீதிபதியாகப் பணியாற்றிக்கொண்டே கால்பந்து பயிற்றுவித்தவர் என்பது கதைக்கு இன்னும் சுவை கூட்டுகிறது: தம் ஊரைவிட்டு நீதிபதி பிட்ஸ்பர்க் சென்று வெல்ல, அவருடைய ஊருக்கே வந்து அமர்ந்து ராக்னி தோற்றார். ஓராண்டு தள்ளி வரும் எதிரியை எடைபோடச் சென்றவர் அன்றைய எதிரியை எடைபோடத் தவறினார். ராக்னி போன்ற ஒருவரே தம் கண்ணால் காண வேண்டும் என்று கருதியதாகச் சொன்னால் நம்பும்படி இருந்தது என்பதே அக்காலத்தில் நேரடி நோட்டத்துக்கு இருந்த மதிப்பைக் காட்டிவிடுகிறது.

1923-ல் கோடாக் நிறுவனம் அறிமுகப்படுத்திய 16 மில்லிமீட்டர் படச்சுருள், கண்ணுக்குப் போட்டியாக வந்தது. திரையரங்குகள் நடத்திய குடும்பத்தில் பிறந்த சிட் கில்மன், கால்பந்துக் காட்சிகளை வெட்டியெடுத்து மீண்டும் மீண்டும் ஓட்டிப் பார்க்கும் பழக்கத்தைக் கல்லூரிப் பயிற்சியாளராக இருந்தபோது வளர்த்தார். வெஸ்ட் பாயின்ட் ராணுவக் கல்லூரியில் அவருக்குப் பின் துணைப் பயிற்சியாளராக வந்தவர் வின்ஸ் லொம்பார்டி. பதவி பறிக்கப்பட்டு நாடு திரும்பிய தளபதி டக்ளஸ் மெக்கார்தருக்கு நியூயார்க்கின் வால்டார்ஃப் விடுதியில் ஆட்டப் படங்களைப் போட்டுக் காட்டும் பணியும் லொம்பார்டிக்கு இருந்தது. கொரியப் போரை நடத்தியவர் இருட்டறையில் அமர்ந்து மாணவர்களின் தடுப்பு வரிசையை ஆராய்ந்தார் என்பது, இந்த ஆட்டமும் போர்க்கலையும் ஒரே சொல்லகராதியைப் பகிர்ந்துகொள்வது வெறும் அலங்காரமல்ல என்று எண்ண வைக்கிறது. காலப்போக்கில், மோதவிருக்கும் அணிகள் தங்கள் முந்தைய ஆட்டங்களின் படச்சுருள்களை ஒன்றுக்கொன்று அனுப்பிக்கொள்வது ஒப்பந்தமாகவும் கட்டாயமாகவும் மாறியது. எதிரி தன் பலவீனத்தைத் தானே பெட்டியில் வைத்து அனுப்பும் இவ்வழக்கம் வேறு எந்தப் போட்டித் தொழிலிலும் எளிதில் காணக்கிடைக்காதது.

படம் பரவிய பின்னும் நேரில் காணும் கலை மங்கவில்லை. அதன் உச்சியில் நின்றவர் ஸ்டீவ் பெலிசிக். வெஸ்டர்ன் ரிசர்வ் பல்கலைக்கழகத்தில் ஆடி, டெட்ராய்ட் லயன்ஸ் தொழில்முறை அணியில் ஒரு பருவம் கழித்த அவர், 1956 முதல் 1989 வரை அனாபொலிஸ் கடற்படைக் கல்லூரியில் துணைப் பயிற்சியாளராகவும் நோட்டக்காரராகவும் பணியாற்றினார். 1962-ல் அவர் எழுதி வெளிவந்த 'ஃபுட்பால் ஸ்கவுட்டிங் மெதட்ஸ்' என்ற நூல் இத்துறையின் பாடநூலாக மதிக்கப்படுகிறது. பந்து நகரும் வரை காத்திருந்து பந்தையே பார்க்கும் சாதாரணப் பார்வையாளருக்கு மாறாக, நோட்டக்காரர் பாய்ச்சலுக்கு முன்பே எத்தனையாவது டவுன், எவ்வளவு தூரம், பந்து களத்தின் எந்தப் பக்கத்தில் இருக்கிறது, வீரர்கள் எந்த அமைப்பில் நிற்கிறார்கள் என்று குறித்துவிட வேண்டும். தொடங்கியதும் முன்வரிசையின் முதல் அசைவிலிருந்து பாய்ச்சலின் இயல்பைப் பிடித்துவிட வேண்டும். அடுத்த பாய்ச்சலுக்கு முன் கிடைக்கும் அரை நிமிடத்துக்குள் இவ்வளவும் தாளில் ஏறியாக வேண்டும்.

இக்கலையின் நுட்பம் அற்பமாகத் தோன்றும் குறிகளில் இருக்கிறது. தரையில் கையூன்றிக் குனிந்திருக்கும் முன்வரிசை வீரரின் விரல் கணுக்கள் அழுத்தத்தால் வெளுத்திருந்தால், அவர் எடை முன்னே சாய்ந்திருக்கிறது, முட்டித்தள்ளி வழிவிடப் போகிறார்; கை லேசாகத் தொட்டுக்கொண்டிருந்தால் அவர் பின்வாங்கி, எறிபவரைக் காக்கப் போகிறார். பந்தை உதைப்பவர் எத்தனை அடி எடுத்து உதைக்கிறார் என்பதை அறிந்தால் அதைத் தடுக்கப் பாய்வது பயன்தருமா என்று சொல்லிவிடலாம். சனிக்கிழமை ஆட்டத்தில் திரட்டிய இவை ஞாயிற்றுக்கிழமை அறிக்கையாகி, வாரத்தின் தொடக்கத்தில் வீரர்கள் முன் வைக்கப்பட்டன. அதன்பின் 'ஸ்கவுட் அணி' எனப்படும் பின்வரிசை மாணவர்கள், அட்டையில் வரைந்து காட்டப்பட்ட எதிரணியின் பாய்ச்சல்களை முதன்மை அணிக்கு எதிராக ஆடிக் காட்டினர். வாரந்தோறும் வேறொரு கல்லூரியாக வேடமிட்டு அடிவாங்கும் இவர்களுக்கு ஆட்ட நாளில் பெரும்பாலும் களமிறங்கும் வாய்ப்பில்லை. நோட்ர டேமின் ஸ்கவுட் அணியில் இருந்து 1975-ல் சில நொடிகள் ஆடிய ரூடி ரூட்டிகரைப் பற்றி 1993-ல் திரைப்படம் வந்த பிறகே பொதுமக்கள் அவர்களைக் கவனித்தனர்.

ஸ்டீவின் மகன் பில் பெலிசிக், சிறுவயதிலேயே தந்தையோடு அமர்ந்து படச்சுருள் பார்த்து வளர்ந்து, தொழில்முறைப் பயிற்சியாளராக நியூ இங்கிலாந்து அணிக்கு ஆறு சூப்பர் பௌல் கோப்பைகளை வென்று தந்தவர்; எதிரணியின் சைகைகளைத் தடைசெய்யப்பட்ட இடத்திலிருந்து படமெடுத்த குற்றத்துக்காக 2007-ல் 5 லட்சம் டாலர் அபராதம் செலுத்தியவரும் அவரே. நோட்டத்தின் பாடநூலை எழுதியவரின் வீட்டிலிருந்தே வேவின் குற்றச்சாட்டும் புறப்பட்டது.

கல்லூரிக் கால்பந்திலிருந்து நேரடி நோட்டக்காரரை வெளியேற்றியது நேர்மை பற்றிய கவலை அன்று, செலவு. ஒவ்வொரு வாரமும் ஆளனுப்பும் வசதி பணக்காரப் பல்கலைக்கழகங்களுக்கே இருந்ததால், அதே பருவத்தில் மோதவிருக்கும் அணியை அதன் ஆட்டத்துக்குச் சென்று காண்பதை, கல்லூரி விளையாட்டுகளை ஆளும் தேசிய அமைப்பான என்.சி.ஏ.ஏ. 1994-ல் தடைசெய்தது. படங்கள் எல்லோருக்கும் கிடைத்தன. இணையத்தின் வழி அவை நிமிடங்களில் கைமாறத் தொடங்கின. இதற்கிடையில், வேகத்துக்காகப் பல அணிகள் ஹடிலைக் கைவிட்டன. பயிற்சியாளர்கள் களத்தின் ஓரத்தில் நின்று கையசைத்தும், விந்தையான படங்கள் ஒட்டிய பலகைகளைத் தூக்கிக் காட்டியும், பொய்ச் சைகை காட்ட வேறு ஆட்களை நிறுத்தியும் கட்டளை அனுப்பினர். ஹப்பார்டு மூடிவைத்த சைகை மீண்டும் வெட்டவெளிக்கு வந்தது.

சைகையைத் திருடுவதே விதிமீறல் அல்ல. தொலைக்காட்சியிலோ, தான் ஆடும் ஆட்டத்திலோ பார்த்து அவிழ்த்தால் அது திறமை. 2023-ல் மிச்சிகன் பல்கலைக்கழக அணி மாட்டிக்கொண்டது, அதன் ஊழியர் ஒருவர் எதிரணிகளின் ஆட்டங்களுக்கு நுழைவுச்சீட்டு வாங்கி ஆளனுப்பிச் சைகைகளைப் படம்பிடிக்கச் செய்தார் என்பதால். பயிற்சியாளர் ஜிம் ஹார்பாவை, மிச்சிகன் அங்கம் வகிக்கும் பிக் டென் கூட்டமைப்பு மூன்று ஆட்டங்களுக்கு விலக்கிவைத்தது. அவர் இல்லாத மூன்றிலும் வென்ற அணி, 2024 ஜனவரியில் வாஷிங்டன் பல்கலைக்கழக அணியை 34–13 என வீழ்த்தித் தேசியப் பட்டத்தையும் கைப்பற்றியது. 2025 ஆகஸ்டில் என்.சி.ஏ.ஏ. கோடிக்கணக்கான டாலர் அபராதம் விதித்தபோதும் பட்டத்தைப் பறிக்கவில்லை. ஸ்டீவ் பெலிசிக் முப்பது ஆண்டுகள் சம்பளம் வாங்கிக்கொண்டு பத்திரிகையாளர் மாடத்தில் செய்த வேலைக்கும், பார்வையாளர் வரிசையில் கைபேசியோடு அமர்ந்தவர்கள் செய்ததற்கும் இடையில் மறைவு என்ற வேறுபாடு மெய்யாகவே உண்டு. ஆனால் செலவைக் குறைக்க எழுந்த விதி இல்லாதிருந்தால் மறைவுக்கே தேவை இருந்திருக்காது.

2024 முதல் முதன்மைப் பிரிவு ஆட்டங்களில், களத்திலுள்ள ஒரு வீரரின் தலைக்கவசத்துக்குள் பயிற்சியாளர் வானொலி வழியே பேச அனுமதி உண்டு. அவரை அடையாளம் காட்டக் கவசத்தின் பின்புறம் ஒரு பச்சைப் பொட்டு இருக்கும். பாய்ச்சலைத் தொடங்க வேண்டிய கெடுவில் 15 நொடிகள் எஞ்சியிருக்கும்போது அந்தக் குரல் துண்டிக்கப்படுகிறது. அதன்பின், எதிரே கையூன்றிக் குனிந்திருப்பவரின் விரல் கணுக்கள் வெளுத்திருக்கின்றனவா என்று வீரர்தான் பார்த்துக்கொள்ள வேண்டும்.