எல்லைக் கோடுகளும் தோட்டத்து மக்களும்: செர்டாங் வட்டாரத்தின் ஊராட்சி வரலாறு



கடாரம் என்று சொன்னாலே நமக்குப் பெருமை பொங்கும். 1025-ஆம் ஆண்டில் ராஜேந்திர சோழன் கப்பற்படை அனுப்பிய நாடு, பூஜாங் பள்ளத்தாக்கில் கோயில் அடித்தளங்களை விட்டுச் சென்ற பழம் நாகரிகம் என்று மேடைக்கு மேடை பேசுகிறோம். பேச வேண்டியதுதான். ஆனால் அதே கெடா மாநிலத்தின் தென்கோடியில், செர்டாங் வட்டாரத்தில் வாழும் நம்மவர் ஒருவரிடம், "ஐயா, உங்கள் வீடு எந்த முக்கிமில் இருக்கிறது? தெரு விளக்கு எரியாவிட்டால் யாரிடம் போய்க் கேட்பீர்கள்?" என்று கேட்டுப் பாருங்கள். பலர் யோசிப்பார்கள். ஆயிரம் ஆண்டுக்கு முந்திய வரலாறு தெரிகிறது. நம் பாட்டன் காலத்து வரலாறு தெரியவில்லை. இன்று அதைத்தான் உங்களோடு பேச வந்திருக்கிறேன்.

கடல் இல்லாத தென்கோடி

செர்டாங் என்பது விசிறி போன்ற ஓலை கொண்ட ஒரு பனை வகையின் மலாய்ப் பெயர். சிலாங்கூரிலும் ஒரு செர்டாங் இருப்பதால் நம் செர்டாங்கைச் சொல்லும்போது 'கெடா செர்டாங்' என்று சேர்த்துச் சொல்ல வேண்டியிருக்கிறது. இது பண்டார் பாரு மாவட்டத்தின் தலைமையிடம். மாவட்டத்தின் பெயர் ஓர் ஊருக்கு. அலுவலகங்கள் இன்னோர் ஊரில். பண்டார் பாரு பட்டணம் கிரியான் ஆற்றங்கரையில் இருக்கிறது. மாவட்ட மன்றமோ செர்டாங்கில் இருக்கிறது.

சுமார் 270 சதுர கிலோமீட்டர் பரப்பு, நாற்பதாயிரத்தைச் சற்றே தாண்டிய மக்கள் தொகை. செர்டாங், ரெலாவ், பாகான் சாமாக், சுங்கை பத்து, சுங்கை கெச்சில் இலிர், பெர்மாத்தாங் பாசிர், கோலா சிலாமா என்ற முக்கிம்கள். வடக்கே கூலிம் மாவட்டம். மேற்கே பினாங்கின் செபராங் பிறை. ஆற்றுக்குத் தெற்கே பேராக். சுற்றிலும் நிலம்தான், கடல் இல்லை.

கெடாவின் இந்தப் பகுதிக்கு ஏன் கடல் இல்லை? விடை 1800-ஆம் ஆண்டு ஒப்பந்தத்தில் இருக்கிறது. 1786-இல் பினாங்குத் தீவைப் பெற்ற பிரிட்டிஷார், அதற்கு எதிரே கோலா மூடாவிலிருந்து கோலா கிரியான் வரையிலான கடற்கரைப் பட்டையையும் கெடா சுல்தானிடமிருந்து வாங்கிக்கொண்டார்கள். அன்று போன கடற்கரை திரும்பவில்லை. தெற்கு எல்லைக்கும் ஒரு கதை உண்டு. 1840-களில் கெடா கிரியான் பகுதியைக் கைப்பற்றியது. 1848-இல் பிரிட்டிஷாரின் நெருக்குதலால் அது பேராக்கிடம் திரும்பியது. 1909-இல் பாங்காக் உடன்படிக்கையின்படி கெடாவே சயாமின் மேலாதிக்கத்திலிருந்து பிரிட்டிஷ் மேலாதிக்கத்துக்கு மாறியது. கொடி மாறியது, ஆற்றின் நடுவே போட்ட கோடு மட்டும் நிலைத்துவிட்டது.

ஒரு சந்தை, மூன்று மன்றங்கள்

அந்தக் கோட்டின் விளைவை இன்றும் கண்ணால் காணலாம். பண்டார் பாருவிலிருந்து பாலத்தைத் தாண்டினால் பாரிட் புந்தார், அது பேராக். சில கிலோமீட்டர் மேற்கே நிபோங் தெபால், அது பினாங்கு. சந்தைக்குப் போகிறவருக்கும் ரயில் ஏறப் போகிறவருக்கும் இந்த மூன்றும் ஒரே வட்டாரம். வடக்கு தெற்கு நெடுஞ்சாலையில் 'பண்டார் பாரு' என்ற பலகையைப் பார்த்து இறங்குகிறவர்களில் பலர் போவது பாரிட் புந்தாருக்குத்தான். பண்டார் பாருவின் அஞ்சல் எண் 34950. அது பேராக் வரிசையைச் சேர்ந்த எண். செர்டாங்கின் எண் 09800. அது கெடா வரிசை. ஒரே மாவட்டத்துக்குள் அஞ்சல்காரர் கண்ணுக்கு இரண்டு மாநிலங்கள்!

குப்பை அள்ளுவதும் கடைக்கு லைசென்ஸ் கொடுப்பதும் என்று வரும்போது மூன்று வெவ்வேறு மன்றங்கள். பண்டார் பாருவுக்குப் பண்டார் பாரு மாவட்ட மன்றம். பாரிட் புந்தாருக்குக் கிரியான் மாவட்ட மன்றம். நிபோங் தெபாலுக்குச் செபராங் பிறை மன்றம். இதில் செபராங் பிறையின் கதை தனி. அங்கே இருந்த ஐந்து ஊராட்சி அமைப்புகளை 1976-இல் ஒன்றாக்கினார்கள். மூன்று மாவட்டங்களும் ஒரே மன்றத்தின் கீழ் வந்தன. அதுவே 2019-இல் மாநகர் மன்றமாக உயர்ந்தது. பக்கத்து வீட்டில் ஐந்து ஒன்றாகிப் பெரியதாகிவிட்டது. ஆற்றங்கரைப் பட்டணமோ மாநில எல்லையைத் தாண்ட முடியாமல் சிறிய மாவட்ட மன்றத்தோடு நிற்கிறது. ஊராட்சி நம் நாட்டில் மாநில அரசின் அதிகாரத்துக்கு உட்பட்டது. ஆகவே இணைப்பு என்பது மாநிலத்துக்குள்ளேதான் நடக்கும். மக்களின் நடமாட்டம் எந்தப் பக்கம் என்பதை எல்லைக் கோடு பார்ப்பதில்லை.

முள்வேலிக்குள் வந்த வாக்குரிமை

சரி, இந்த மன்றங்களுக்கு முன்னால் என்ன இருந்தது?

நம் நாட்டின் முதல் நவீன ஊராட்சித் தேர்தல் 1951 டிசம்பரில் ஜார்ஜ்டவுனில் நடந்தது. மலாயாவின் முதல் பொதுத் தேர்தல் 1955-இல்தான். ஆக, மக்கள் முதலில் வாக்குப் போட்டது நாடாளுமன்றத்துக்கு அல்ல, தெருவையும் சாக்கடையையும் கவனிக்கிற மன்றத்துக்கு.

1952-இல் உள்ளூர் மன்றச் சட்டம் வந்தது. இங்கேதான் நம்மவர்கள் கவனிக்க வேண்டிய செய்தி இருக்கிறது. அவசரகாலத்தில், 1950-இல் தொடங்கிய பிரிக்ஸ் திட்டத்தின்படி, சிதறிக் கிடந்த சீனர்களைப் புதுக்கிராமங்களில் கொண்டுவந்து முள்வேலிக்குள் குடியேற்றினார்கள். அதே காலத்தில் தோட்டங்களிலும் தொழிலாளர்களை ஒரே இடத்தில் திரட்டி வேலி போட்டார்கள். வேலி இருவருக்கும் பொது. ஆனால் புதுக்கிராமத்துக்கு உள்ளூர் மன்றம் வந்தது. உறுப்பினரைத் தேர்ந்தெடுக்கும் உரிமை வந்தது. சிறிய அளவிலேனும் வரி வசூலித்துச் சாலை போடும் பழக்கம் வந்தது. தோட்டத்துக்கு வந்தது என்ன? துரை இருந்தார், கிராணி இருந்தார், தண்டல் இருந்தார். தண்ணீர்க் குழாய் உடைந்தால் ஆபீஸ் வாசலில் போய் நிற்க வேண்டும். தோட்டம் தனியார் நிலம். அதற்கு மன்றம் எதற்கு என்பதுதான் அன்றைய எண்ணம்.

ஒரு தலைமுறை தன் தெருவைத் தானே ஆளப் பழகியது. இன்னொரு தலைமுறை மனுக் கொடுக்க மட்டுமே பழகியது. இந்த வேறுபாடு பின்னால் எவ்வளவு தூரம் நம்மைப் பின்தள்ளியது என்பதை நாம் இன்னும் சரியாக அளந்து பார்க்கவில்லை.

ஒரு தமிழர் எழுதிய அறிக்கை

1960-களின் நடுவில் மேற்கு மலேசியாவில் ஊராட்சி அமைப்புகள் 370-ஐத் தாண்டிவிட்டன. நகரசபை, பட்டண மன்றம், பட்டண வாரியம், கிராமப்புற மாவட்ட மன்றம், உள்ளூர் மன்றம் எனப் பல வகை. பெரும்பாலானவை சின்னஞ்சிறு உள்ளூர் மன்றங்கள். பலவற்றிடம் பணமில்லை, ஆளில்லை. சில மன்றங்களில் ஊழல் புகாரும் எழுந்தது. இந்தோனேசிய எதிர்ப்புப் போராட்டத்தைக் காரணம் காட்டி 1965 மார்ச் மாதம் ஊராட்சித் தேர்தல்கள் நிறுத்தி வைக்கப்பட்டன. அதே ஆண்டில் ஊராட்சிகளை ஆராய ஓர் அரச விசாரணைக் குழு அமைக்கப்பட்டது.

அந்தக் குழுவின் தலைவர் யார் தெரியுமா? செனட்டர் ஆதி நாகப்பன். ம.இ.கா.வின் மூத்த தலைவர், வழக்கறிஞர். இந்திய தேசிய இராணுவத்தின் ஜான்சி ராணி படையில் பணியாற்றிய ஜானகி அம்மையாரின் கணவர். நாட்டின் ஊராட்சி முழுவதையும் அலசி ஆராய்ந்த பெரிய அறிக்கை ஒரு தமிழரின் தலைமையில் உருவானது என்பதை நம் பிள்ளைகளில் எத்தனை பேருக்குச் சொல்லியிருக்கிறோம்?

குழுவின் பரிந்துரைகளில் இரண்டு முக்கியமானவை. ஒன்று, சிதறிக் கிடக்கும் சிறு மன்றங்களை ஒன்றிணைத்து வலுவான மன்றங்களாக்க வேண்டும். இரண்டு, அந்த மன்றங்களுக்கு மக்களே தேர்தல் மூலம் உறுப்பினர்களை அனுப்ப வேண்டும். முதல் பரிந்துரையை அரசாங்கம் எடுத்துக்கொண்டது. இரண்டாவதைக் கைவிட்டது.

1973-இல் இடைக்காலச் சட்டமும், 1976-இல் ஊராட்சிச் சட்டமும் வந்தன. இந்த 171-ஆம் சட்டத்தின்படி மாநகர் மன்றம், நகராண்மைக் கழகம், மாவட்ட மன்றம் என மூன்று வகைகள் மட்டுமே. உறுப்பினர்கள் 8 பேருக்குக் குறையாமலும் 24 பேருக்கு மிகாமலும் மாநில அரசால் நியமிக்கப்படுவார்கள். நிறுத்தி வைக்கப்பட்ட தேர்தல் நிரந்தரமாக நீக்கப்பட்டது. ஆதி நாகப்பன் அவர்களும் அதே 1976-இல் காலமானார். பிற்காலத்தில் பினாங்கு மாநிலம் 2012-இல் சட்டமியற்றி ஊராட்சித் தேர்தலைத் திரும்பக் கொண்டுவர முயன்றது. 2014-இல் கூட்டரசு நீதிமன்றத்தில் அந்த முயற்சி தோற்றது.

மன்றங்கள் சேர்ந்தன, தோட்டங்கள் பிரிந்தன

இன்னொரு முரணையும் பாருங்கள். மேலே ஆட்சி எல்லைகளை ஒன்றுசேர்த்துக் கொண்டிருந்தார்கள். கீழே, அதற்குச் சற்று முன்பிருந்தே, தோட்டங்கள் துண்டாடப்பட்டன. வெள்ளைக்காரக் கம்பெனிகள் தோட்டங்களை விற்றன. வாங்கியவர்கள் துண்டு துண்டாக விற்றார்கள். தொழிலாளர்கள் நடுத்தெருவில் நின்றார்கள். அதைத் தடுக்கத்தான் 1960-இல் துன் சம்பந்தன் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். பின்னர் பால்மரம் போய்ச் செம்பனை வந்தது. ஆள் தேவை குறைந்தது. லயங்கள் வெறிச்சோடின.

இந்த வட்டாரத்தில் சோம் தோட்டம், புந்தார் தோட்டம். வடக்கே கூலிம் பக்கம் டப்ளின், விக்டோரியா, ஹென்ரியட்டா, வெல்லெஸ்லி என்று எத்தனை பெயர்கள்! துரைமார்கள் வைத்த பெயர்கள்தான். ஆனால் அந்தப் பெயர்களில்தான் நம் மக்கள் பிறந்தார்கள், மணம் முடித்தார்கள், திருவிழா எடுத்தார்கள். அரசாங்க வரைபடத்தில் முக்கிம் உண்டு, மாவட்டம் உண்டு. தோட்டம் ஓர் ஆட்சிப் பிரிவே அல்ல. எனவே தோட்டம் மறையும்போது எந்த அரசாங்க ஏடும் "இந்த ஊர் இன்றோடு முடிந்தது" என்று எழுதுவதில்லை. பல இடங்களில் அந்தப் பெயரைத் தாங்கி நிற்கும் கடைசி அரசாங்கப் பலகை தமிழ்ப்பள்ளியின் பலகைதான்.

சட்டம் என்ன சொல்கிறது? தொழிலாளர் வீடமைப்புக் குறைந்தபட்சத் தரச் சட்டம் 1966-இலும், அதற்குப் பதிலாக 1990-இலும் வந்தது. தோட்டத்துக்குள் வீடு, தண்ணீர், மின்சாரம் முதலாளியின் பொறுப்பு என்றது அது. நல்லதுதான். ஆனால் முதலாளி தோட்டத்தை விற்றுவிட்டுப் போனால்? வேலை முடிந்தும் லயத்திலேயே தங்கிவிட்ட முதியவருக்கு முதலாளியும் இல்லை. மதிப்பீட்டு வரி கட்டுகிறவர் என்ற முறையில் மன்றமும் அவரை அறியாது. இரண்டு சட்டங்களுக்கு நடுவே விழுந்துவிடுகிறார்.

சரி, தனியார் நிலப்பகுதிக்குத் தனி ஊராட்சி சாத்தியமே இல்லையா? கூலிம் மாவட்டத்தையே பாருங்கள். 2001-இல் கூலிம் நகராண்மைக் கழகமாக உயர்ந்தது. அதே மாவட்டத்துக்குள், 1990-களில் உருவான கூலிம் உயர்தொழில்நுட்பப் பூங்காவுக்கென்று தனி ஊராட்சி அமைப்பே உண்டு. தொழிற்சாலைகளுக்காகத் தனி மன்றம் அமைக்க முடிந்தது. அதே மண்ணில் பல தலைமுறைகளாக மக்கள் வாழ்ந்த தோட்டங்களுக்கு அப்படி ஓர் எண்ணம் யாருக்கும் தோன்றவில்லை. ஆசை இருந்தால் வழி பிறக்கும் என்பதற்கு இது சான்று.

ஜப்பானிய கிராமங்கள் சொல்லும் பாடம்

இணைப்பு நமக்கு மட்டும் நேர்ந்ததல்ல. ஜப்பானில் 1889-இல் 71,000-க்கும் அதிகமான ஊர்களை 16,000-க்கும் குறைவாக்கினார்கள். 1950-களில் மறுபடியும் ஒன்றிணைத்தார்கள். 1999-இல் 3,232-ஆக இருந்த நகர, கிராம மன்றங்கள் 2010-இல் 1,727-ஆகக் குறைந்தன. மக்கள் தொகை குறைகிறது, முதியோர் பெருகுகிறார்கள், சிறிய மன்றங்களால் செலவைத் தாங்க முடியவில்லை என்பது காரணம். பல பழைய ஊர்ப் பெயர்கள் மன்றப் பட்டியலிலிருந்து மறைந்தன. ஆனால் அங்கே ஒவ்வொரு ஊரிலும் தேர்ந்தெடுக்கப்பட்ட மன்றம் விவாதித்தது. சில ஊர்களில் மக்களிடமே வாக்கெடுப்பு நடந்தது. புகுஷிமா மாநிலத்தின் யமட்சுரி என்ற சின்னஞ்சிறு பட்டணம், "நாங்கள் யாரோடும் சேர மாட்டோம்" என்று 2001-இல் வெளிப்படையாக அறிவித்தது. அதன்படி இன்றும் தனியாகவே இருக்கிறது.

சேர்வதா, வேண்டாமா என்று சொல்ல அவர்களுக்கு ஒரு வாய் இருந்தது. நம் தோட்டங்களுக்கு அந்த வாய் இல்லை. வரலாற்றில் நாம் இழந்தது நிலத்தை மட்டுமல்ல; நிலத்தைப் பற்றிப் பேசும் இடத்தையும் இழந்தோம்.

நாம் என்ன செய்யலாம்?

முதலாவதாக, உங்கள் வீடு எந்த முக்கிம், எந்த மாவட்டம், எந்த மன்றம் என்பதைத் தெரிந்துகொள்ளுங்கள். பிள்ளைகளுக்கும் சொல்லிக்கொடுங்கள். மனுவைத் தப்பான அலுவலகத்தில் கொடுத்துவிட்டு ஆறு மாதம் காத்திருப்பதில் பயனில்லை.

இரண்டாவதாக, மன்ற உறுப்பினர் நியமனத்தைக் கட்சிக்காரர்களின் விவகாரம் என்று விட்டுவிடாதீர்கள். நம் வட்டாரத்துக்கு யார் நியமிக்கப்பட்டிருக்கிறார், அவர் லயத்துப் பக்கம் வந்தாரா என்று கேளுங்கள். தேர்தல் இல்லை என்பதால் கேள்வியும் இல்லை என்றாகிவிடாது.

மூன்றாவதாக, பழைய தோட்டத்துச் சம்பளச் சீட்டு, கோயில் திருவிழா நோட்டீசு, பள்ளிப் பதிவேடு, லயத்து வீட்டு எண், குடும்பப் படம் எதுவானாலும் எறிந்துவிடாதீர்கள். தமிழ்ப்பள்ளிப் பெற்றோர் சங்கமும் கோயில் நிர்வாகமும் சேர்ந்து ஒரு நோட்டுப் புத்தகம் போட்டு, எந்தத் தோட்டம் எங்கே தொடங்கி எங்கே முடிந்தது, எத்தனை டிவிஷன், எத்தனை லயம், எப்போது விற்கப்பட்டது என்று முதியவர்களிடம் கேட்டு எழுதி வைக்கலாம். பெரிய செலவு ஒன்றும் இல்லை. சொல்லக்கூடியவர்கள் குறைந்துகொண்டே போகிறார்கள் என்பதுதான் அவசரம்.

அரசாங்க வரைபடம் நம் ஊர்களை எழுதவில்லை என்றால், நாம் எழுதி வைப்போம். நாளைக்கு ஒரு பேரப்பிள்ளை வந்து, "தாத்தா, நம் ஊர் எது?" என்று கேட்டால், விரல் வைத்துக் காட்ட ஓர் இடமாவது இருக்கட்டும்.