ஒரே ஊசி, ரெண்டு கட்சி

உட்கார்ந்தா வலி. நின்னா பரவாயில்லை. பஸ்ல ஒரு மணி நேரம் போனா இடது புட்டத்தில் ஆரம்பிச்சு தொடையின் பின்பக்கமா ஒரு கம்பி இழுக்கிற மாதிரி வலி. ஸ்கேன்ல டிஸ்க் சுத்தம். கடைசியில் ஒரு டாக்டர் அழுத்திப் பார்த்துவிட்டு "பிரிஃபார்மிஸ்" என்றார். ஏதோ இத்தாலி சாப்பாடு பேரு மாதிரி இருக்கேன்னு நினைச்சேன். லத்தீனில் பேரிக்காய் வடிவம் என்று அர்த்தமாம். புட்டத்துக்குள்ள ஆழமா இருக்கிற சின்னத் தசை. கால் நரம்பு, அதாவது சயாடிக் நரம்பு, அதுக்குக் கீழேதான் வெளியே வருது. தசை இறுகினா நரம்பு மாட்டிக்கும்.

நண்பர் ஒருத்தர் அக்குபங்சர்காரரிடம் அனுப்பினார். தங்கச்சி பிசியோதெரபிஸ்டிடம் அனுப்பினாள். ரெண்டு பேரும் மெல்லிய ஸ்டீல் ஊசியை ஏறக்குறைய அதே இடத்தில்தான் இறக்கினாங்க! ஆனா இவர் செய்யறது அது இல்லைன்னு அவரும், அவர் செய்யறது இது இல்லைன்னு இவரும் சத்தியம் பண்றாங்க. பணம் ரெண்டு பக்கமும் போவுது. சரி, யாரு சொல்றது நிஜம்னு பழைய கதையைத் தோண்டினேன்.

சீனாவில் அந்த இடத்துக்கு ஹுவான்தியாவ் என்று பேர். தொடை எலும்பு மேட்டுக்கும் வால் எலும்புக்குச் சற்று மேலே உள்ள பள்ளத்துக்கும் கோடு போட்டால், எலும்பு மேட்டிலிருந்து மூன்றில் ஒரு பங்கு தூரத்தில் வரும் புள்ளி. 'லிங்ஷு' என்ற பழைய நூல் ஒன்பது வகை ஊசிகளைச் சொல்கிறது. அதில் நீள ஊசி ஏழு ட்சுன். ஹான் காலத்து அளவில் ஏறக்குறைய 16 செ.மீ.! ஆழத்தில் ஒளிஞ்சிருக்கிற வலிக்காம். (எனக்குக் குத்தினது அதில் பாதிகூட இல்லை, சாமி காப்பாத்துச்சு.)

அப்புறம் 1822ல் சீன அரச மருத்துவக் கழகத்திலேயே ஊசி வைத்தியத்துக்குத் தடை. வேடிக்கை என்னன்னா, அதே சமயம் ஐரோப்பாவில் அதுக்கு மவுசு. இசையமைப்பாளர் பெர்லியோஸின் அப்பா லூயி பெர்லியோஸ் 1810ல் பிரான்சில் செஞ்சு பார்த்து 1816ல் எழுதினார். 1821ல் லண்டனில் சர்ச்சில் என்ற அறுவை மருத்துவர் (அந்த சர்ச்சில் இல்லைங்க) புத்தகமே போட்டார். 1825ல் சார்லாந்தியேர் ஊசியில் மின்சாரம் விட்டார். இன்னிக்கு கிளினிக்கில் கிளிப் மாட்டி டிக் டிக்னு ஓட்டறாங்களே, அதுக்கு தாத்தா அவர்தான். 1930களில் செங் தான்ஆன் சீனாவில் புள்ளிகளை நவீன உடற்கூறுக்கு ஒத்துப் போகிற மாதிரி திருத்தி எழுதினார். ஆக, 'ஐயாயிரம் வருசமா மாறாத வைத்தியம்'னு போர்டு வைக்கிறவங்களை நம்பாதீங்க. மாறிக்கிட்டேதான் இருந்திருக்கு.

நம்ம தசைக்கு வருவோம். 1928ல் யோமன் இதையும் கால் வலியையும் முடிச்சுப் போட்டார். 1947ல் ராபின்சன் 'பிரிஃபார்மிஸ் சிண்ட்ரோம்' என்று பேர் வெச்சார்.

அடுத்தது பிசியோ கட்சி. கென்னடியின் டாக்டர் ஜேனட் டிராவெல் இறுகிய தசை முடிச்சுகளில் மரப்பு மருந்தை ஊசியால் போட்டு வந்தார். பிராகில் காரல் லெவிட், மருந்தே தேவையில்லை, ஊசி குத்தினதுதான் வேலை செய்யுதோன்னு சந்தேகப்பட்டார். 1979ல் 241 பேரிடம் 312 வலியிடங்களில் குத்தியதை வெளியிட்டார். 86.8 சதவீதத்தில் உடனே வலி போச்சாம். ஆனா ஒப்பிட்டுப் பார்க்க வேற குழு கிடையாது. எனக்கு அதுதான் உறுத்தல்.

வித்தியாசம் ஊசியில் இல்லை, தேடறதில் இருக்கு. அக்குபங்சர்காரர் ஹுவான்தியாவில் குத்தும்போது பாதம் வரைக்கும் ஷாக் அடிக்கிற மாதிரி ஓடணும்னு பார்க்கிறார். எனக்கு அப்படி ஓடினப்ப மேஜையை உதைச்சேன். பிசியோக்காரர் அந்த நரம்பைத் தொடவே கூடாதுன்னு ஒதுங்கி, தசை துடிக்குதான்னு பார்க்கிறார். ஒருத்தர் தேடிப் போறதை இன்னொருத்தர் பயந்து விலகறார்!

ரெண்டுக்கும் சேர்த்து வேட்டு வைக்கிற மாதிரி ஒண்ணு ஜெர்மனியில் 2007ல் வந்தது. நாள்பட்ட இடுப்பு வலிக்காரர்கள் 1162 பேர். முறையான அக்குபங்சரில் 47.6 சதவீதம் பேருக்குப் பலன். புள்ளியே இல்லாத இடத்தில் மேலோட்டமா குத்தின போலி ஊசியில் 44.2. வழக்கமான சிகிச்சையில் 27.4 தான்! அது இடுப்பு வலி, என்னோடது புட்டத்து வலி, அப்படியே பொருத்த முடியாதுதான். ஆனாலும் இடம் மாறினா பலன் இல்லைன்னு சண்டை போடற ரெண்டு கட்சிக்கும் இது சங்கடம். ஊசி சும்மான்னு சொல்றவங்களுக்கும் சங்கடம்தான்.

எனக்கு? பிசியோகிட்ட நாலு தடவை, அக்குபங்சர் ஆறு தடவை. குறைஞ்சிருக்கு. எதனாலன்னு சத்தியமா தெரியலை. ஏன்னா நடுவில் பிசியோக்காரர் என் பேன்ட் பின் பாக்கெட்டைத் தட்டி, "சார், இதுல என்ன இவ்வளவு தடிமன்?"னு கேட்டார். இருபது வருசமா அந்த பர்ஸ் மேலதான் உட்கார்ந்திருக்கேன். கடன் அட்டை பர்ஸால் வர்ற கால் வலின்னு 1978லேயே அமெரிக்க மருத்துவ இதழில் எழுதிட்டாங்களாம். பர்ஸ் இப்ப சட்டைப் பையில். அக்குபங்சர்காரரிடம் இன்னும் ரெண்டு தடவைக்குக் காசு கட்டியாச்சு, போய்த்தான் ஆகணும்.