கையை மறைக்கும் பிள்ளை

வெயிலிலும் நீளக்கைச் சட்டையோடு திரியும் பிள்ளையின் கையில் காயங்களைக் கண்டால் பெற்றோருக்கு முதலில் வருவது கோபம்தான். ஆனால் தம்மைத் தாமே காயப்படுத்தும் பிள்ளைகள் பலர் சாக நினைத்து அதைச் செய்வதில்லை. தாங்கமுடியாத மனவேதனையைச் சற்று நேரம் தணிக்கவே செய்கிறார்கள். அதற்காக அலட்சியமாக இருக்கவும் கூடாது. பின்னாளில் தற்கொலை ஆபத்தை இது கூட்டும்.

விசாரிக்காதீர்கள். விசாரணை என்றால் என்னவென்று எங்கள் வீடுகளுக்குத் தெரியும். "உனக்கு என்ன கஷ்டம்?" என்று கேட்டுவிட்டுப் பொறுமையாகக் காத்திருங்கள். சாகும் எண்ணம் வருகிறதா என்றும் நேரடியாகக் கேட்கலாம். கேட்பதால் அந்த எண்ணம் உருவாகாது. சத்தியம் வாங்கினால் பிள்ளை மறைக்கத்தான் பழகும்.

பொலிஸ் வழக்கு வரும் என்று பயந்து வைத்தியசாலைக்குப் போகாதவர்கள் உண்டு. தற்கொலை முயற்சியைக் குற்றமாக்கிய சட்டப்பிரிவே 1998இல் நீக்கப்பட்டுவிட்டது. வைத்தியசாலையின் மனநலப் பிரிவுக்குத் தயங்காமல் கூட்டிச் செல்லுங்கள். அவசரமென்றால் தேசிய மனநல உதவி இலக்கமான 1926 எந்நேரமும் இயங்கும்.